பட்டறிந்தவன் துணை
போரிலிருந்து திரும்பிய இரு படை அதிகாரிகள் தரும் பாடம்



“தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்ற பழமொழி நம் வீடுகளில் அடிக்கடி கேட்பது. பெரும்பாலும் நாம் அதைக் குறையாகவே சொல்கின்றோம். நமது துன்பத்தை விளங்கிக்கொள்ளாதவரைப் பார்த்து மனம் நொந்து சொல்கின்றோம். ஆனால் அதே பழமொழியைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். காய்ச்சல் வந்து மாறிய ஒருவனுக்கு இன்னொருவனுடைய காய்ச்சல் தெரியும் அல்லவா? அந்த அறிவு வீணாகப் போகலாமா? அதை ஒழுங்குபடுத்தி, பயிற்சி கொடுத்து, மற்றொரு உயிரைக் காக்கும் கருவியாக்க முடியாதா?

முடியும் என்று காட்டிய இருவரைப் பற்றி இவ்வாரம் படிப்போம். இருவரும் கனேடிய இராணுவ அதிகாரிகள். இருவரும் 1994ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் ருவாண்டா நாட்டில் பணிபுரிந்தவர்கள். இருவரும் உடலிற் குண்டு படாமலே காயமுற்றுத் திரும்பியவர்கள். ஒருவர் ரோமியோ டலேர், மற்றவர் ஸ்ரெபான் கிரெனியே. முன்னவர் தமது பிற்கால வாழ்வைப் போரில் அகப்பட்ட சிறுவருக்காகச் செலவிட்டார். பின்னவர் காயமுற்ற படைவீரனுக்கு இன்னொரு படைவீரனே துணையாகும் வழியை அமைத்தார்.

1. ருவாண்டாவில் நடந்தது என்ன?

ருவாண்டா மத்திய ஆபிரிக்காவில் உள்ள சிறிய நாடு. மக்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவர், கத்தோலிக்கர் பெருந்தொகையினர். ஹூட்டு, டுட்சி என்ற இரு பிரிவினர் ஒரே மொழியைப் பேசி, ஒரே ஊர்களில், ஒரே கோவில்களில் வாழ்ந்து வந்தனர். அவர்களுக்கிடையே நெடுங்காலமாக வளர்ந்த பகை உள்நாட்டுப் போராக மாறிற்று. 1993இல் சமாதான உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாகியது. அதைக் கண்காணிக்க ஐக்கிய நாடுகள் சபை ஒரு படையை அனுப்பியது. அதன் தளபதியே ரோமியோ டலேர்.

1994 ஜனவரியில், ஆயுதங்கள் மறைத்து வைக்கப்பட்டிருப்பதாகவும் கொலைகளுக்குத் திட்டமிடப்படுவதாகவும் அவருக்குத் தகவல் கிடைத்தது. அவ்வாயுதங்களைக் கைப்பற்றப் போவதாக நியூயோர்க்குக்கு அறிவித்தார். அது உமது ஆணைக்கு அப்பாற்பட்டது என்று தடுக்கப்பட்டார். ஏப்பிரல் 6ஆம் திகதி ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதும் கொலைகள் தொடங்கின. மறுநாளே பெல்ஜியப் படைவீரர் பத்துப்பேர் கொல்லப்பட்டனர். பெல்ஜியம் தன் படையைத் திருப்பி அழைத்தது. மேலும் படை அனுப்புங்கள் என்று டலேர் கேட்டபோது, பாதுகாப்புச் சபை இருந்த படையையும் 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது.

ஏறக்குறைய நூறு நாட்களில் சுமார் 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இறந்தவரிற் பெரும்பாலோர் டுட்சி மக்கள். கொலைக்கு உடன்படாத ஹூட்டு மக்களும் இறந்தனர். அடைக்கலம் தேடிய கோவில்களிலேயே மக்கள் மாண்டனர். கொன்றவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், இறந்தவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். 2017 மார்ச்சில் பரிசுத்த தந்தை பிரான்சிஸ், திருச்சபையும் அதன் உறுப்பினரும் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

டலேரும் எஞ்சிய சில நூறு வீரர்களும் நாட்டை விட்டுப் போகவில்லை. அவர்களுடைய பாதுகாப்பில் பல்லாயிரம் பேர் உயிர் தப்பினர். ஆனால் காப்பாற்ற முடியாமற்போனவர்களின் தொகையே அவர் நெஞ்சிற் பாரமாகத் தங்கியது.

2. தளபதியும் விழுந்தார்

கனடாவுக்குத் திரும்பிய டலேர் இரவும் பகலும் வேலையில் மூழ்கினார். வேலை நினைவுகளைத் தடுக்கும் என்று எண்ணினார். தடுக்கவில்லை. நித்திரை இல்லை, பார்த்த காட்சிகள் நேற்று நடந்தவைபோல் திரும்பத் திரும்ப வந்தன. உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். 2000 ஏப்பிரலில் உடல்நலக் காரணத்தால் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். இரண்டு மாதங்களின் பின்பு, கியூபெக் மாகாணத்தின் ஹல் நகரில் ஒரு பூங்காவில், வாங்கு ஒன்றின் கீழே உணர்விழந்து கிடந்தார். மருந்தோடு மதுவையும் சேர்த்து அருந்தியிருந்தார்.

ஒரு ஜெனரல்! மற்றவர்களாக இருந்தால் செய்தியை மறைத்திருப்பார்கள். டலேரோ கனேடிய வானொலிக்குத் தாமே கடிதம் எழுதினார். தாம் நோயுற்றிருப்பதையும் அது போரினால் வந்ததையும் நாடு முழுவதும் கேட்கும்படி சொன்னார். முன்னரே இராணுவத்தின் பயிற்சிப் படம் ஒன்றிலும் தமது நிலையைப் படைவீரர்களுக்கு எடுத்துச் சொல்லியிருந்தார். உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர் வெட்கத்தைக் கழற்றி வைத்ததனால், சாதாரண சிப்பாய் ஒருவன் “எனக்கும் இப்படித்தான்” என்று சொல்ல வழி திறந்தது.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். வழி திறந்தது உண்மை. ஆனால் அந்தச் சிப்பாய் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

3. நோயா, காயமா?

இக்கேள்விக்கு விடை தேடியவர் ஸ்ரெபான் கிரெனியே. அவரும் 1994இல் ருவாண்டாவுக்குச் சென்றவர். திரும்பி வந்தபின் பல ஆண்டுகள் உள்ளே சிதைந்துகொண்டிருந்தார். வெளியே சீருடை ஒழுங்காகத்தான் இருந்தது.

இத்துன்பத்துக்கு மருத்துவ நூல்களில் ஒரு பெயர் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1970 முதல் நியூயோர்க்கிற் சிறு குழுக்களாகக் கூடித் தம் அனுபவங்களை ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினர். ரொபேட் ஜே லிப்ரன் போன்ற உளமருத்துவர்கள், மேசைக்கு அப்பால் இருந்து விசாரிக்காமல், அவர்களோடு வட்டமாக இருந்து கேட்டனர். 1979இல் அமெரிக்க அரசு இவர்களுக்கென ஊர்தோறும் நிலையங்களைத் திறக்க முன்வந்தது. 1980இல் அமெரிக்க உளமருத்துவ சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இத்துன்பம் இடம்பெற்றது. நம் நாட்டு உளமருத்துவர்கள் இதனை ‘மனவடு’ என்ற நல்ல தமிழ்ச் சொல்லாற் குறிக்கின்றனர்.

ஆனால் ‘நோய்’, ‘கோளாறு’ என்ற சொற்கள் படைவீரனுக்கு வெட்கத்தைத் தருகின்றன என்பதைக் கிரெனியே கண்டார். காலிற் குண்டு பட்டவனைப் பார்க்கத் தோழர்கள் கூடிப் போகின்றார்கள். மனம் உடைந்தவனைக் கண்டால் விலகிப் போகின்றார்கள். ஏன்? முன்னவன் காயப்பட்டவன், பின்னவன் பலவீனன் என்று எண்ணுகின்றார்கள். ஆகவே பணியினால் வந்த மனத்துன்பங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ‘பணி நெருக்கடிக் காயம்’ என்று பொருள்படும் ஒரு பெயரை அவர் வழங்கினார். அது மருத்துவப் பெயர் அன்று. மனிதனை நிமிர்த்தும் பெயர். காயம் என்றால் பட்டவன் மேல் குற்றம் இல்லை. காயம் என்றால் ஆறவும் கூடும்.

2001இல் கிரெனியே முன்வைத்த திட்டத்தைக் கனேடியப் பாதுகாப்பு அமைச்சும், முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களமும் சேர்ந்து தொடங்கின. அதன் அடிப்படை மிக எளிது. காயப்பட்டு, சிகிச்சை பெற்று, ஓரளவு தேறிய ஒரு படைவீரன், இப்பொழுது தத்தளிக்கும் இன்னொரு படைவீரனுக்குத் துணையிருப்பான். இதனைத் ‘தோழமைத் துணை’ என்று நாம் சொல்லலாம். அடுத்த ஆண்டே, 2002இல், கனேடிய இராணுவத்தின் முறைப்பாடுகளை விசாரிக்கும் குறைகேள் அதிகாரியின் அறிக்கை ஒன்று வெளிவந்தது. மனக்காயமுற்ற வீரர்களைச் சக வீரர்களே ஏளனமாகப் பார்த்து ஒதுக்குவதை அது எடுத்துக்காட்டியது. கிரெனியேயின் முயற்சி எவ்வளவு தேவையானது என்பதற்கு அதுவே சாட்சி.

4. தோழமைத் துணையின் ஒழுங்குகள்

“இதிலென்ன புதுமை? இரண்டு பேர் இருந்து கதைப்பதுதானே!” என்று நீங்கள் கேட்கலாம். வெறும் கதையன்று. அதற்கு ஒழுங்குகள் உண்டு. இவற்றைக் கவனமாகப் படியுங்கள். எந்த வீட்டுக்கும் பயன்படுவன.

முதலாவது: துணைவன் வைத்தியன் அல்லன். நோயைத் தீர்மானிப்பதோ, மருந்து சொல்வதோ, நிறுத்தச் சொல்வதோ அவன் வேலையன்று. சிகிச்சைக்குப் போக அஞ்சுகின்றவனின் அச்சத்தைப் போக்கி, வைத்தியசாலை வாசல் வரை கூடப் போவதே அவன் வேலை. “நானும் இந்தக் கதவைத் தட்டினேன், உள்ளே போனபின் ஒன்றும் கெட்டுப் போகவில்லை” என்று அவன் சொன்னால் மற்றவன் நம்புவான். வெள்ளை அங்கி அணிந்தவர் அதையே சொன்னால் நம்பத் தயங்குவான்.

இரண்டாவது: பட்டவன் எல்லாரும் துணைவனாக முடியாது. தன் காயம் இன்னும் இரத்தம் கசியும் நிலையில் இருப்பவன் பிறர் காயத்தைத் தொட்டால் இருவரும் விழுவர். ஆகவே தேறியவர்களைத் தெரிவு செய்கின்றனர். உளநலத் துறையினரைக் கொண்டு பயிற்சி கொடுக்கின்றனர்.

மூன்றாவது: துணைவன் கேட்பவன். அவன் தன் கதையைச் சிறிதளவே சொல்வான், அதுவும் மற்றவனுக்கு வாய் திறக்க உதவும் அளவுக்கே. “உனக்கு நடந்தது என்ன, எனக்கு நடந்ததைக் கேள்” என்று தொடங்குபவன் துணைவன் அல்லன்.

நான்காவது: கேட்டது வெளியே போகாது. ஆயினும் உயிருக்கு ஆபத்து என்று கண்டால் இரகசியம் என்று சொல்லி வாளாவிருக்கவும் கூடாது. தகுந்தவரிடம் உடனே கொண்டு செல்ல வேண்டும்.

ஐந்தாவது: துணைவனுக்கும் எல்லை உண்டு. அவனும் உறங்க வேண்டும், உண்ண வேண்டும், தன் குடும்பத்தோடு இருக்க வேண்டும். அவனைக் கவனிக்கவும் ஒருவர் இருக்க வேண்டும். பிறரைச் சுமந்து தான் முறிந்துபோவது தியாகம் என்று இத்திட்டம் கருதவில்லை.

இத்திட்டம் பின்னர் குடும்பத்தினருக்கும் விரிந்தது. ஏனெனில் மனக்காயம் வீட்டுக்குள் வரும். தகப்பன் ஒரு சிறு சத்தத்துக்கும் சினந்து எழும்புவார். பிள்ளைகள் குதிக்கால் நிலத்திற் படாமல் நடக்கப் பழகுவர். தாய் அயலாருக்குப் பொய்க் காரணம் சொல்லிக் களைப்பாள். அப்படிப்பட்ட தாய்க்கு, அதே வழியால் நடந்த இன்னொரு தாயே துணையானாள். கணவனையோ மகனையோ இழந்த குடும்பத்துக்கு, அதே இழப்பைக் கண்ட குடும்பம் துணையானது. கிரெனியே 2012இல் இராணுவத்திலிருந்து இளைப்பாறிய பின்பு, இதே முறையை வேலைத்தலங்களுக்கும் கொண்டுசெல்ல உழைத்தார்.

5. இளைஞனுக்கு யார் வழிகாட்டி?

இனி டலேரிடம் திரும்புவோம். ருவாண்டாவில் வீதித் தடைகளை அமைத்து மக்களை வெட்டியவர்கள் யார்? பெருமளவில் ‘இண்டரஹாம்வே’ என்ற கூட்டத்தினர். அது வேற்று நாட்டிலிருந்து வந்த படையன்று. ஆளுங்கட்சியின் இளைஞர் அணி. வேலையற்ற இளைஞர்களைக் கட்சிக்காரர் ஒன்றுசேர்த்தனர், அணிவகுக்கப் பழக்கினர், பாட்டும் சீருடையும் கொடுத்தனர், இறுதியிற் கத்தியையும் கொடுத்தனர். வானொலி யாரைப் பகைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தத் தடைகளிற் சிறுவர்களும் நின்றதை டலேர் கண்டார்.

இதில் ஒரு கடுமையான உண்மை அடங்கியிருக்கின்றது. இளைஞன் வழிகாட்டி இல்லாமல் இருப்பதில்லை. நல்லவர் அவனுக்கு நேரம் ஒதுக்காவிட்டால், நேரம் ஒதுக்கக்கூடிய வேறொருவர் அவனைத் தேடி வருவார். தன்னைப் பெயர் சொல்லி அழைத்து, தன்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைப்பவருக்குப் பின்னால் அவன் போவான். கொலைகாரனும் இதை அறிந்திருக்கின்றான். பெற்றோராகிய நாம்தான் சிலவேளை மறந்துவிடுகின்றோம்.

2007இல் டலேர் சிறுவரைப் போரில் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் ஓர் அமைப்பை நிறுவினார். அது பின்பு ஹலிபக்ஸ் நகரின் டல்ஹௌசிப் பல்கலைக்கழகத்தில் இயங்கலாயிற்று. அவ்வமைப்பு படையினருக்கும் பொலிசாருக்கும் பயிற்சி அளிக்கின்றது. துப்பாக்கியோடு எதிரே நிற்பவன் சிறுவனாக இருந்தால், அவன் முதலிற் பிள்ளை, பிறகே போராளி என்பதே அப்பாடத்தின் சாரம். சிறுவனைச் சுட நேர்ந்த படைவீரன் வாழ்நாள் முழுவதும் அதைச் சுமக்கின்றான். ஆகவே பிள்ளையைக் காப்பது படைவீரனின் மனத்தையும் காப்பதாகும்.

2010களில் இவ்வமைப்பு இன்னொரு படி முன்னேறியது. இளைப்பாறிய படைவீரர்களைத் தெரிந்தெடுத்து, பயிற்றுநர்களாக ஆக்கியது. போரின் நினைவுகளோடு வீட்டில் இருந்த மனிதர்கள், ‘எனக்கு இன்னும் ஒரு வேலை உண்டு’ என்று எழுந்தனர். 2017 நவம்பரில் வன்கூவரில் நடைபெற்ற மாநாட்டில், சமாதானப் படையினர் சிறுவரைப் பாதுகாப்பது பற்றிய 17 கோட்பாடுகளைப் பல நாடுகள் ஏற்றுக்கொண்டன. வாங்கின் கீழே கிடந்த மனிதர் அதற்காக ஓயாது உழைத்தவர்களில் ஒருவர்.

இளையோருக்கு வழித்துணையாவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கனடாவின் அயல்நாடான அமெரிக்காவில், ஒரு வளர்ந்தவரை ஒரு பிள்ளையோடு சேர்த்துவிடும் ‘மூத்த அண்ணன், மூத்த அக்கா’ என்ற பழைய அமைப்பொன்று உள்ளது. 10 முதல் 16 வயது வரையான 959 பிள்ளைகளைக் கொண்டு அதனை ஆராய்ந்து, 1995இல் முடிவுகளை வெளியிட்டனர். துணை கிடைத்த பிள்ளைகள், கிடைக்காதவர்களைவிடப் போதைப்பொருளைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 46 வீதம் குறைவாகவும், மதுவைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 27 வீதம் குறைவாகவும் காணப்பட்டது. அத்துணைவர்கள் பெரிய உபதேசம் செய்தவர்கள் அல்லர். ஒழுங்காக வந்து, பிள்ளையோடு நேரம் செலவிட்டவர்கள்.

2002இல் வெளிவந்த தொடராய்வு எச்சரிக்கை ஒன்றையும் தந்தது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளே அதிக பயன் தந்தன. சில மாதங்களில் முறிந்த உறவுகள் பிள்ளையின் தன்மதிப்பைக் குறைக்கவும் செய்தன. அதாவது, தொடங்கி இடையில் விட்டுப்போகின்றவர், தொடங்காதிருப்பதே நல்லது. ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு கைவிடல் தேவையில்லை.

6. நமக்கு இதில் என்ன?

கனேடியரின் கதை நமக்கு ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரை நம் நாட்டிலும் போர் நடந்தது. அதிலும் சிறுவர் கைகளில் ஆயுதம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் நம் மக்களின் மனத்தில் விட்ட வடுக்களைப் பற்றி 1998இலேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். போர் முடிந்தபோது பிறந்த பிள்ளைகள் இன்று இளைஞர்கள். அவர்கள் குண்டுச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் பேசாத தகப்பனோடும், இரவில் எழும்பி அழும் தாயோடும் வளர்ந்தார்கள்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில. வீட்டில் ஒருவர் நித்திரையின்றி, குடியில் மறைந்து, பேச்சற்று இருந்தால், “எல்லாம் மறந்துவிடுங்கோ” என்று சொல்லாதீர்கள். மறக்க முடிந்தால் அவர் என்றோ மறந்திருப்பார். “இருந்து சொல்லுங்கோ, கேட்கிறன்” என்று சொல்லுங்கள். அவர் சொல்லாவிட்டாலும் அருகில் இருங்கள். அவர் நம்பக்கூடிய, அதே வழியால் வந்து தேறிய ஒருவரைத் தேடிக் கொண்டுவாருங்கள். சாவைப் பற்றி அவர் பேசினால் அதை விளையாட்டாக எடுக்காமல், தனியே விடாமல், அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது குடும்பத்துக்கு அவமானம் அன்று. உடைந்த கைக்குக் கட்டுப் போடுவது அவமானமா?

நீங்களே பட்டுத் தேறியவர் என்றால், உங்கள் அனுபவத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். பங்கிலுள்ள ஓர் இளைஞனுக்குக் கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவன் பெற்றோருக்கும் பங்குத்தந்தைக்கும் தெரியத்தக்கதாக, வெளிப்படையான இடத்தில் அவனைச் சந்தியுங்கள். வருவேன் என்று சொன்ன நாளில் வாருங்கள். ஓராண்டுக்குக் குறையாமல் வாருங்கள்.

டலேருடைய காயம் முற்றாக ஆறிவிடவில்லை. அதை அவரே தமது நூல்களில் எழுதியிருக்கின்றார். மருந்தும் சிகிச்சையும் நண்பர்களும் இருந்தமையாலேயே அவர் வாழ்ந்தார். கிரெனியேயின் திட்டமும் ஒருவருடைய நினைவுகளையும் அழித்துவிடவில்லை. ஆனால் தனியே சுமந்தவனுக்கு அருகில் இன்னொரு தோள் வந்தது. பாரம் குறையாவிட்டாலும், இருவர் பிடித்தால் தூக்கி நடக்கலாம்.

குடும்பத்திற் கலந்துரையாட:

1. ‘நோய்’ என்று சொல்வதற்கும் ‘காயம்’ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு என்ன? நம் வீட்டில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகின்றோம்?

2. தோழமைத் துணையின் ஐந்து ஒழுங்குகளில் நமக்கு மிகக் கடினமானது எது? ஏன்?

3. நம் வீட்டு இளைஞனுக்கு அதிக நேரம் ஒதுக்குபவர் யார்? அவரை நமக்குத் தெரியுமா?

4. நமது ஒழுங்கையில் பேச்சற்றிருக்கும் ஒருவரை இவ்வாரம் போய்ப் பார்க்க, நம்மில் யார் பொருத்தமானவர்?